மோட்டார் எஞ்சினின் கணிப்பொறியும் எரிபொருள் தேர்வும்

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து அங்கத்தினர்கள் கலையும் தறுவாயில், சேலைகளை வெளியூர்க் கடைகளுக்கு எடுத்துச் செல்வதற்கென்று டீசல் சரக்கு வண்டி ஒன்று வைத்திருக்கும் நெசவாளர் ஒருவர் நம்மை நிறுத்தி ஒரு வினாவைக் கேட்டார். அவருடைய வண்டியில் கையளவே உள்ள ஒரு பெட்டியைப் பொருத்தித் தருவதாகவும், அதனால் எஞ்சினின் வலிமை நான்கில் ஒரு பங்கு கூடுவதோடு டீசல் செலவும் குறையும் என்றும் பணிமனைக்காரர் ஒருவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். வண்டிக்கடனில் இன்னும் இரண்டாண்டுத் தவணை பாக்கி இருக்கிறது. பெட்டியின் விலையோ ஒரு மாதத் தவணைக்கு மேல். வாங்கலாமா என்பது அவர் கேள்வி. அருகில் நின்றிருந்த கரும்பு விவசாயி ஒருவர், பெட்ரோல் நிலையத்தில் கூடுதல் விலைக்கு விற்கும் உயர்தரப் பெட்ரோலைத் தம் காருக்கு ஊற்றினால் கொடுக்கும் காசுக்குப் பலன் உண்டா என்று தம் ஐயத்தையும் சேர்த்துக்கொண்டார்.

இரண்டும் வேறு வேறு வினாக்களாகத் தோன்றினும் இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. அது, இக்காலத்து மோட்டார் எஞ்சின்களை ஆளுகின்ற கணிப்பொறி. மெக்கானிக்குகள் இதனை ஈ.சி.எம். என்று வழங்குவர். வண்டி வைத்திருக்கும் அங்கத்தினர்கள் இதனைப் பற்றி ஓரளவேனும் அறிந்திருப்பது நலம் என்று கருதி இக்கட்டுரையை எழுதலாயினோம்.

கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் எஞ்சினை ஆண்ட நாளில், காற்றோடு பெட்ரோல் கலக்கும் அளவைச் சிறு துளைகளும் திருகுகளும் நிர்ணயித்தன; தீப்பொறி விழும் நேரத்தைச் சிறு எடைகளும் ஸ்பிரிங்குகளும் நிர்ணயித்தன. கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர் திருகைக் கால் சுற்றுத் திருப்பிவிட்டு, காது கொடுத்துக் கேட்டு, சரியாகிவிட்டது என்பார். அந்தக் காதுக்கு இன்றும் நாம் மரியாதை செலுத்த வேண்டியதே. ஆயினும் அவர் வைத்த அந்த ஒரே வைப்பு, மலையேற்றத்திற்கும் சமவெளிக்கும், விடியற்காலைக் குளிருக்கும் உச்சி வெயிலுக்கும் பொதுவாக நின்றது. 1967ல் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி, பெட்ரோலை மின்னணு முறையில் அளந்து தெளிக்கும் சாதனத்தை வோக்ஸ்வாகன் கார்களில் கொணர்ந்தது. 1979ல் அதே கம்பெனி, பெட்ரோலின் அளவையும் தீப்பொறியின் நேரத்தையும் ஒரே கணிப்பொறி ஆளும்படி அமைத்து பி.எம்.டபிள்யூ. காரில் வைத்தது. அது முதல் திருகாணியின் இடத்தை எண்கள் பிடித்துக்கொண்டன.

நான்கு சிலிண்டர் உள்ள பெட்ரோல் எஞ்சின் நிமிஷத்திற்கு 3,000 சுற்றுச் சுற்றுகிறது என்று கொள்வோம். விநாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரிதல் நிகழ்வதால், எஞ்சின் முழுவதிலும் விநாடிக்கு 100 தடவை பெட்ரோலை அளக்க வேண்டும். 100 தடவை தீப்பொறியை விட வேண்டும். உள்ளே வரும் காற்று எவ்வளவு, அதன் வெப்பம் என்ன, ஓட்டுபவர் மிதியை எவ்வளவு அழுத்தியிருக்கிறார், புகைக்குழாயில் மிஞ்சியுள்ள பிராணவாயு எவ்வளவு என்பவற்றையெல்லாம் உணரிகள் வாயிலாக அறிந்து, கணிப்பொறி ஒவ்வொரு தடவையும் விடை சொல்லுகிறது. அவ்விடையை அது ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிந்தித்துக் கண்டுபிடிப்பதில்லை. கம்பெனியின் பொறியாளர்கள் பல மாத காலம் சோதனை செய்து எழுதிவைத்த அட்டவணைகள் அதனுள் உள்ளன. இத்தனை சுற்று, இத்தனை சுமை என்றால் இவ்வளவு பெட்ரோல், இத்தனை பாகை முன்னதாகத் தீப்பொறி என்று கட்டம் கட்டமாக எண்கள் நிரம்பியிருக்கும். இந்த அட்டவணைக்குத்தான் மேப் என்று பெயர். அதைத் திருத்தி எழுதுவதே ரீமேப் அல்லது டியூனிங்.

நெசவாளருக்கு இதை விளக்க நெடுந்தொலைவு சென்று உவமை தேட வேண்டுவதில்லை. ஜக்கார்டுப் பெட்டியின் அட்டைகளே போதும். அட்டையில் துளை உள்ள இடத்தில் கொக்கி மேலெழுந்து பாவு இழையைத் தூக்குகிறது; துளை இல்லாத இடத்தில் இழை கீழேயே நிற்கிறது. அட்டைக் கோவையை மாற்றினால் மாங்காய்க் கரை போய் மயில் கரை வரும். தறி அதே தறி, நூலும் அதே நூல். புதிய அட்டை ஒரே வேளையில் மிகுதியான இழைகளைத் தூக்கச் சொன்னால், அந்தச் சுமையைத் தாங்க வேண்டியவை பழைய கொக்கியும் பழைய கயிறுமே. பிரான்ஸ் தேசத்து ஜக்கார்டு 1804ல் அமைத்த இந்த அட்டை முறையையே, இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்கிடும் இயந்திரத்திற்கு எடுத்துக்கொண்டார். ஆகவே காரிலுள்ள கணிப்பொறிக்கும் நம் தறிக்கும் உள்ள உறவு வெறும் உவமையளவில் நிற்பதன்று.

இங்கு நியாயமான ஒரு கேள்வி எழும். அட்டவணையைத் திருத்தினால் வலிமை கூடுமென்றால், கார் செய்த கம்பெனியே ஏன் அதைச் செய்யவில்லை? விடை எளிது. அக்கம்பெனி ஒருவருக்காக ஒரு காரைச் செய்வதில்லை. அதே கார் ராஜஸ்தானத்து வெயிலில் ஓட வேண்டும். நீலகிரி ஏற வேண்டும். தரம் குறைந்த பெட்ரோல் கிடைத்தாலும் பழுதாகக் கூடாது. எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப்போடும் உரிமையாளரையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு உட்பட வேண்டும். உத்தரவாதக் காலம் முடியும்வரை கம்பெனிக்குச் செலவு வைக்கக் கூடாது. இவையனைத்திற்கும் இடம்விட்டே எண்களை எழுதுகிறார்கள். சங்கம் லாபத்தில் ஒரு பகுதியைக் காப்பு நிதியாக ஒதுக்குவது போன்றதே இந்த இடைவெளி. வியாபாரக் காரணமும் ஒன்றுண்டு. ஒரே எஞ்சினை எண்களை மட்டும் மாற்றி இருவேறு வலிமைகளில், இருவேறு விலைகளில் விற்பதும் மோட்டார்த் தொழிலில் வழக்கமே. டியூனிங் செய்பவர்கள் விற்பது பெரும்பாலும் இந்தக் காப்பு நிதியைத்தான். அதைப் புதிய செல்வம் என்று எண்ணி வாங்குவோர் பலர்.

இது நிற்க. எரிபொருள் இக்கணக்கில் எங்கே நுழைகிறது என்பதை இனிப் பார்ப்போம்.

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலெழுந்து அழுத்துகிறது. அது உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னரே தீப்பொறி விடப்படுகிறது. ஏனெனில் தீ பரவுவதற்குச் சிறிது அவகாசம் வேண்டும். தீ ஒழுங்காகப் பரவி, பிஸ்டன் உச்சியைக் கடந்த சிறு பொழுதில் அழுத்தம் மிகும்படி அமைந்தால், ஊற்றிய பெட்ரோலுக்கு முழு வேலையும் கிடைக்கும். பொறியை மிகவும் முன்னதாக விட்டாலோ, கலவையை மிகுதியாக அழுத்தினாலோ, தீ இன்னும் சென்றடையாத மூலையிலுள்ள கலவை தானாகவே ஒரே நொடியில் வெடித்துவிடும். உலோகத்தைச் சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி கேட்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்லும் தட்டல் இதுவே. தொடர்ந்து நிகழ்ந்தால் பிஸ்டனின் விளிம்பு சிதையும்; சிலிண்டர் தலையின் கேஸ்கட் போகும். டீசல் எஞ்சினின் இயல்பான தடதடப்பு வேறு. அதனை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தட்டாமல் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்பதற்கு அளவே ஆக்டேன் எண். ஐஸோ ஆக்டேன் என்ற பொருளுக்கு 100 என்றும், எளிதில் தட்டும் ஹெப்டேன் என்ற பொருளுக்குச் சுழி என்றும் வைத்துக்கொண்டு, பெட்ரோலை இவ்விரண்டின் கலவையோடு ஒப்பிட்டு எண் தருகிறார்கள். இங்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆக்டேன் எண் பெட்ரோலின் வலிமையைக் காட்டுவதன்று. அதன் பொறுமையைக் காட்டுவது. 95 எண்ணுள்ள பெட்ரோல் 91 எண்ணுள்ளதைவிட அதிக வெப்பம் தரும் என்ற எண்ணம் தவறானது. அந்தப் பொறுமையைப் பயன்படுத்திக்கொள்ளும் எஞ்சினும் அட்டவணையும் இருந்தால்தான் அது வலிமையாக மாறும்.

இந்தப் பொறுமையை மலிவாகப் பெறுவதற்காக உலகம் கொடுத்த விலையும் பெரிது. 1921ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியைச் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லி என்பவர், ஈயக் கூட்டுப்பொருள் ஒன்றைச் சிறிதளவு சேர்த்தால் தட்டல் நின்றுவிடுவதைக் கண்டார். ஈயம் நஞ்சு என்பது அன்றே தெரிந்ததுதான். எனினும் இந்தியாவில் 2000ஆம் ஆண்டில்தான் ஈயமற்ற பெட்ரோல் நாடெங்கும் வந்தது. கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியா 2021ல்தான் அதை நிறுத்தியது.

கணிப்பொறி வந்த பின்னர் தட்டலைத் தடுக்க இன்னொரு வழி பிறந்தது. எஞ்சின் உடலில் ஒரு சிறு உணரியைப் பொருத்தி, தட்டல் ஒலியைக் கணிப்பொறியே கேட்கும்படி செய்தனர். பழைய மெக்கானிக்கின் காது மின்சாரத்தில் மறுபிறவி எடுத்தது எனலாம். 1980களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் ஸாப் கம்பெனி தன் டர்போ கார்களில் இதனைக் கையாண்டது. தட்டல் தொடங்கினால் டர்போவின் அழுத்தம் தானே குறையும். நல்ல பெட்ரோல் ஊற்றினால் தானே கூடும். இன்றைய கார்களிற் பெரும்பாலானவை தட்டல் கேட்டவுடன் தீப்பொறியைச் சில பாகை தாமதப்படுத்திக்கொள்ளும். எஞ்சின் பிழைக்கும், ஆனால் வலிமை சற்றுக் குறைந்து, பெட்ரோலும் சற்று அதிகம் செலவாகும். ஓட்டுபவருக்கு ஓசை கேளாது. செலவு மட்டும் ஆகும்.

ஆகவே உயர்தரப் பெட்ரோலால் பயன் உண்டா என்பது அந்தக் காரின் அட்டவணையைப் பொறுத்தது. சாதாரணப் பெட்ரோலுக்கென்றே அட்டவணை எழுதப்பட்ட காரில், அது இயல்பாகவே தட்டுவதில்லை. உயர்ந்த எண்ணுள்ள பெட்ரோலை ஊற்றினாலும், தீப்பொறியை இன்னும் முன்தள்ளச் சொல்லும் எண் அட்டவணையில் இல்லை. பணம் புகைக்குழாய் வழியே போகும். அமெரிக்க மோட்டார் சங்கம் 2016ல் இத்தகைய கார்களைச் சோதித்து, குறிப்பிடத்தக்க பயன் எதுவும் இல்லையென்று அறிவித்தது. உயர்தரப் பெட்ரோல் விரும்பத்தக்கது என்று கையேட்டில் எழுதப்பட்ட கார்களை அடுத்த ஆண்டு சோதித்தபோது, பெட்ரோல் சிக்கனம் சராசரியாக 2.7 சதவிகிதம் கூடியது. விலை வித்தியாசம் அதைவிட அதிகம். உயர்தரமே வேண்டும் என்று கையேட்டில் கட்டாயமாகச் சொல்லும் கார் வேறு வகை. அதில் சிக்கனம் பார்த்தல் ஆகாது.

நம் நாட்டில் இக்கணக்கு அண்மையில் மாறியிருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன் பின்னர் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் தொடங்கி, 2025க்குள் நாடெங்கும் பரவியது. எத்தனாலின் ஆக்டேன் எண் 108ஐ ஒட்டியது. அதைக் கலப்பதால் சாதாரணப் பெட்ரோலின் எண்ணும் முன்னிருந்த 91லிருந்து 95ஆக உயர்ந்துள்ளதென்று மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் தந்தது. ஆதலால் 95 என்ற எண்ணுக்காக மட்டும் கூடுதல் காசு கொடுப்பது பழைய நாளைய கணக்கு. துப்புரவு மருந்து கலந்தது, எஞ்சினைச் சுத்தமாக வைப்பது என்ற காரணங்களுக்காக ஒருவர் வாங்கினால் அது அவர் விருப்பம். கரும்பு விவசாயியான நம் அங்கத்தினரின் கார் சாதாரணப் பெட்ரோலுக்கென்று அமைந்தது. அவருக்கு நாம் சொன்ன விடை, வேண்டாம் என்பதே.

அவர் உடனே மறு கேள்வி போட்டார். கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் வரும் எத்தனால் அவ்வளவு உயர்ந்ததென்றால், இ-20 வந்த பிறகு தம் காரின் மைலேஜ் குறைந்ததேன் என்றார். மிக நல்ல கேள்வி. எத்தனாலுக்குப் பொறுமை அதிகம், வெப்பம் குறைவு. ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே ஒரு லிட்டர் எத்தனாலில் உண்டு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால், தூய பெட்ரோலைக் காட்டிலும் லிட்டருக்கு ஏறத்தாழ 7 சதவிகித வெப்பம் குறையும். மேலும் ஒரு கிலோ பெட்ரோல் முழுதும் எரிய 14.7 கிலோ காற்றுத் தேவை. எத்தனாலுக்கோ 9 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்கு எரிபொருளை அதிகமாகத் தெளிக்க வேண்டும். புகைக்குழாயிலுள்ள உணரியின் உதவியால் கணிப்பொறி இதை ஓரளவு தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளுக்கு அந்த வசதி இல்லை.

எரிபொருளை அதிகம் தெளிப்பது ஒரு பாதிதான். எத்தனாலின் பொறுமையை வேலையாக மாற்றுவது மறு பாதி. அதற்கு அட்டவணையும், இயன்றால் எஞ்சினின் அழுத்த விகிதமும் அதற்கென்றே அமைய வேண்டும். 2021ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையில் இந்த வேறுபாடு தெளிவாகக் காணக் கிடக்கிறது. தூய பெட்ரோலுக்கென்று வடிவமைத்து இ-10க்கு எண்கள் எழுதிய நான்கு சக்கர வண்டிகளில் இ-20 ஊற்றினால் 6 முதல் 7 சதவிகிதம் சிக்கனம் குறையும்; இ-10க்கு வடிவமைத்து இ-20க்கே எண்கள் எழுதிய வண்டிகளில் 1 முதல் 2 சதவிகிதமே குறையும். ஊற்றுவது அதே எரிபொருள். எஞ்சினும் அட்டையும் அதற்குப் பொருந்தினவா என்பதே வேறுபாடு. பழைய வண்டியின் ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் எத்தனாலைத் தாங்குமா என்பது தனி விஷயம். எந்தக் கணிப்பொறியும் ரப்பரைக் காப்பாற்றாது.

எரிபொருளும் அட்டவணையும் பொருந்தினால் என்ன ஆகும் என்பதற்கு மேற்சொன்ன ஸாப் கம்பெனியே நல்ல உதாரணம் தந்தது. 2005ல் ஸ்வீடனில் அது விற்பனைக்குக் கொணர்ந்த 9-5 பயோபவர் என்ற டர்போ கார், பெட்ரோலிலும் ஓடும். 85 சதவிகிதம் எத்தனால் உள்ள இ-85லும் ஓடும். பெட்ரோலில் 150 குதிரைச் சக்தி, இ-85ல் 180. முறுக்கு விசை 240 நியூட்டன் மீட்டரிலிருந்து 280 ஆகக் கூடியது. ஓட்டுபவர் ஒரு பொத்தானையும் தொட வேண்டியதில்லை. டாங்கியில் உள்ளது எது என்பதைக் கணிப்பொறி உணர்ந்து, எத்தனால் என்றால் டர்போவின் அழுத்தத்தைக் கூட்டித் தீப்பொறியையும் முன்தள்ளும். பெட்ரோலில் இவ்வளவு அழுத்தம் வைத்திருந்தால் எஞ்சின் தட்டியே பழுதாகியிருக்கும். வலிமை கூடினாலும் இ-85ல் லிட்டருக்கு ஓடும் தூரம் குறையும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்கம்பெனி 2011ல் திவாலாகிவிட்டது. அதற்கு எத்தனால் காரணமன்று.

கரும்பு விவசாயிகள் இவ்விஷயத்தில் பிரேஸில் நாட்டைக் கவனித்தல் தகும். பெட்ரோலிய விலை ஏறிய காலத்தில், 1975ல், கரும்பு எத்தனாலைக் கார்களுக்குப் பயன்படுத்தும் திட்டத்தை அந்நாடு தொடங்கியது. முதலில் எத்தனாலில் மட்டும் ஓடும் கார்கள் வந்தன. எத்தனால் கிடைக்காத காலத்தில் அவற்றின் உரிமையாளர்கள் பட்ட பாடு பெரிது. 2003ல் வோக்ஸ்வாகன் கம்பெனி அங்கே இரண்டிலும் எந்த விகிதத்திலும் ஓடக்கூடிய கோல் காரை விற்கத் தொடங்கிய பின்னரே நிலைமை மாறியது. புகைக்குழாயிலுள்ள பிராணவாயு உணரி காட்டும் குறிப்பைக் கொண்டு, கலவை எவ்வளவு என்பதைக் கணிப்பொறி கணித்துக்கொள்ளுகிறது. அன்று முதல் பிரேஸில் வாசி பெட்ரோல் நிலையத்தில் நின்று ஒரு வகுத்தல் கணக்குப் போடுகிறார். எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவிகிதத்திற்குக் குறைவாக இருந்தால் எத்தனால், மேற்பட்டால் பெட்ரோல். கார் எதையும் ஏற்கும் என்பதால் தேர்வு உரிமையாளர் கையில் இருக்கிறது. கரும்பு ஆலைகளும் அந்த எழுபதை மனத்தில் வைத்தே விலை பேச வேண்டியிருக்கிறது.

இனி நெசவாளரின் டீசல் வண்டிக்கு வருவோம். முதலில் ஒரு பொது உண்மை. டர்போ இல்லாத எஞ்சினில் ரீமேப் செய்வதால் கிடைப்பது மிகச் சொற்பம். உள்ளே வரும் காற்று அதேயளவுதான். டர்போ உள்ள எஞ்சினில் காற்றின் அழுத்தத்தைக் கூட்டலாம், எரிபொருளையும் கூட்டலாம், நூற்றுக்கு இருபது, முப்பது பங்கு வலிமை கூடுவது மெய்யே. அவர் வண்டியில் டர்போ உண்டு. ஆகவே பணிமனைக்காரர் வலிமையைப் பற்றிச் சொன்னது பொய்யன்று.

ஆனால் அவர் விற்க வந்தது ரீமேப் அன்று, பெட்டி. இக்காலத்து டீசல் எஞ்சினில் டீசலை மிகுந்த அழுத்தத்தில் ஒரு பொதுக் குழாயில் தேக்கிவைத்து, அங்கிருந்து சிலிண்டர்களுக்குத் தெளிக்கிறார்கள். அக்குழாயின் அழுத்தம் எவ்வளவு என்று ஓர் உணரி கணிப்பொறிக்குச் சொல்லுகிறது. மலிவான பெட்டிகளிற் பல, இந்த உணரிக்கும் கணிப்பொறிக்கும் இடையே உட்கார்ந்துகொண்டு, உண்மையான அழுத்தத்தைவிடக் குறைவாக அறிவிக்கின்றன. கணிப்பொறி அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டுகிறது. அதே நேரத்திற்கு அதிக டீசல் உள்ளே போகிறது. எடைக்கல்லைத் திருத்தி வைத்துக்கொண்டு பருத்தி நிறுப்பவரை நம் அங்கத்தினர்கள் அறிவார்கள். தராசு தன் கடமையைச் செய்துகொண்டேயிருக்கும், கணக்கு மட்டும் கோணலாகும்.

டீசல் செலவு குறைந்ததாகச் சிலர் சொல்வதற்கு ஒரு காரணமும் இதில் ஒளிந்திருக்கிறது. வண்டியின் முகப்பில் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று காட்டும் எண்ணை அளந்து சொல்வதும் அதே கணிப்பொறிதான். தான் தெளித்ததாக நம்பும் டீசலையே அது கணக்கிடுகிறது. பெட்டியால் ஏமாற்றப்பட்ட பின் அது உண்மையைவிடக் குறைந்த செலவைக் காட்டும். உரிமையாளர் அதைப் பார்த்து மகிழ்வார். சிறிது மெய்யான சிக்கனமும் கிடைக்கலாம்; ஏற்றத்தில் கியரை அடிக்கடி மாற்ற வேண்டியிராததால் நிதானமாக ஓட்டுபவருக்கு அது உண்டு. ஆயினும் கூடுதல் வலிமையைப் பயன்படுத்தும் ஒவ்வொரு கணமும் அந்த வலிமை டீசலிலிருந்தே வந்தாக வேண்டும்.

அடுத்தது தாங்கும் திறன். கிளட்ச் தட்டு, கியர்ப்பெட்டி, டர்போவின் சக்கரம், புகையை வடிகட்டும் சாதனம் ஆகிய யாவும் கம்பெனி நிர்ணயித்த முறுக்கு விசைக்கும் வெப்பத்திற்கும் கணக்கிட்டவை. உல்லாசமாக ஓடும் கார் முழு வலிமையைச் சில விநாடிகளே கேட்கும். பாரம் ஏற்றிய வண்டியோ மலைப்பாதையில் அரை மணி நேரம் இடைவிடாது கேட்கும். அண்டை ஊரில் பஞ்சு ஏற்றும் அன்பர் ஒருவர் இத்தகைய வேலையைச் செய்துகொண்டு, நான்கே மாதத்தில் கிளட்சை மாற்ற நேர்ந்தது. உத்தரவாதக் காலம் முடியவில்லை. எனினும் வண்டி விற்ற நிறுவனத்தார் கணிப்பொறியைத் தம் கருவியில் இணைத்துப் பார்த்து, எண்கள் மாற்றப்பட்டிருப்பதைக் கண்டு கைவிரித்துவிட்டனர். பணிமனைக்காரர் பழைய அட்டவணையின் பிரதியை வைத்திருக்கவும் இல்லை.

எண்களைத் திருத்துவதால் வரும் தீமை உரிமையாளரோடு நிற்பதுமில்லை. டீசல் மிகுந்து காற்றுக் குறைந்தால் கரும்புகை வரும். அழுத்தமும் வெப்பமும் மிகுந்தால் கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் வாயுக்கள் மிகும். 2015ல் வோக்ஸ்வாகன் கம்பெனியே, சோதனைக் கூடத்தில் ஒரு விதமாகவும் சாலையில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும்படி கணிப்பொறிக்கு எழுதி வைத்திருந்தது வெளிப்பட்டது. உலகெங்கும் ஒரு கோடியே பத்து லட்சம் டீசல் கார்கள் அதில் சம்பந்தப்பட்டிருந்தன. எண்களைத் திருத்தி ஏமாற்றுவது சிறு பணிமனைகளின் தனியுரிமை அன்று என்பதற்காக இதைச் சொல்லுகிறோம்.

சட்ட விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பதிவுச் சான்றில் கண்ட கம்பெனி விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. செய்த மாற்றத்தை அறிவிக்காமல் விட்டால் விபத்துக் காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு வழக்காட நேரிடலாம். கடன் தவணை பாக்கியுள்ள வண்டிக்கு இது சிறிய கவலை அன்று.

இவ்வளவும் கேட்ட பின் நெசவாளர், அப்படியானால் தம் வண்டி ஏற்றத்தில் திணறுவதற்கு என்ன வழி என்றார். காற்று வடிகட்டியை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டோம். நினைவில்லை என்றார். டயர்களின் காற்று, தெளிப்பான்களின் நிலை, டர்போக் குழாயில் கசிவு, கணிப்பொறியில் பதிவாகியிருக்கும் பிழைக் குறிகள் ஆகியவற்றை முதலில் பார்க்கும்படி சொன்னோம். தன் உணரிகளில் ஒன்று பொய் சொன்னாலும் கணிப்பொறி பாதுகாப்புக்காக வலிமையைத் தானே குறைத்துக்கொள்ளும். இழந்ததை மீட்பதற்குப் பெட்டி தேவையில்லை.

டீசல் கணக்குக்கு அவருக்குச் சொன்ன முறையை மற்ற அங்கத்தினர்களும் கையாளலாம். டாங்கியைத் தானியங்கிக் குழாய் நிற்கும்வரை நிரப்பிக் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். வழக்கமான பாரத்துடன் ஐந்நூறு கிலோமீட்டராவது ஓட்டியபின், அதே நிலையத்தில், அதே குழாயில் மறுபடி அவ்வாறே நிரப்ப வேண்டும். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் மெய்யான எண் வரும். ஒரு முறை போதாது. மூன்று முறையேனும் பார்க்க வேண்டும். முகப்பில் காட்டும் எண்ணை இதன் பக்கத்தில் எழுதிக்கொண்டால் இரண்டுக்கும் உள்ள தூரமும் தெரியும்.

நெசவாளர் இன்னும் பெட்டியை வாங்கவில்லை. அடைந்து கிடந்த காற்று வடிகட்டியை மாற்றிவிட்டு, இரண்டு டாங்கிக்குக் கணக்கு எழுதியிருக்கிறார். மூன்றாவது அடுத்த வாரம் முடியும்.